டிஸ்க்வேர்ல்ட் எங்கருந்து ஆரம்பிக்கறது?

வணக்கம் சார்,

டிஸ்க்வேர்ல்ட் சீரிஸ் படிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. முதல் புத்தகம் 'தி கலர் ஆஃப் மேஜிக்' எடுத்தேன், பாதிக்கு மேல ஓடல. நெட்ல ஒரு சார்ட் கிடைச்சது, அதுல இருந்த அம்புக்குறிய எல்லாம் பாத்ததும் இருந்த ஆசையும் போச்சு. மொத்தத்தையும் வரிசையாதான் படிக்கணுமா?

– ஒரு வாசகர்

வணக்கம்,

வரிசையெல்லாம் வேண்டாம், தாராளமா நடுவுல குதிங்க. இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 1983ல ஆரம்பிச்ச காமெடி ஃபேன்டசி சீரிஸ் இது, கடைசி நாவல் 2015ல அவர் போனப்புறம் வந்துச்சு, மொத்தம் 41. ஆனா எல்லாம் சேந்து ஒரே கதை கிடையாது, ஒரே உலகத்துல நடக்கற வேற வேற கதைங்க. போலீஸ் கதை கொஞ்சம், சூனியக்காரி கதை கொஞ்சம், மரணமே கேரக்டரா வர்றது கொஞ்சம், இப்படி.

முதல் ரெண்டும் அந்தக் காலத்து வாள், மந்திரவாதி கதைகள நக்கலடிக்க எழுதினது. அதெல்லாம் படிக்காம வந்தா பாதி ஜோக் புரியாது, புரிஞ்சாலும் ஜோக்குக்கு நடுவுல கதைய தேடிட்டு இருக்கணும். நீங்க மூடி வச்சது நியாயம்தான்.

என்னக் கேட்டா 1989ல வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' எடுங்க. அங்க்-மார்ப்பார்க்னு ஒரு ஊரு, அங்க திருடறதுக்கு சட்டப்படி ஒரு சங்கமே இருக்கு, இவ்ளோதான் திருடலாம்னு கோட்டா, திருடினா ரசீது குடுக்கணும், மெம்பர் இல்லாதவன் கை வச்சா சங்கமே கவனிச்சுக்கும். அப்புறம் போலீசுக்கு என்ன வேலை? கேப்டன் வைம்ஸ் அறிமுகமாகறதே குடிச்சிட்டு சாக்கடையில கிடக்கறப்பதான். இந்த லட்சணத்துல குள்ளர்கள் எடுத்து வளத்த ஆறரை அடி பையன் கேரட், பழைய சட்டப்புத்தகத்துல இருக்கறத அப்படியே வேதவாக்கா எடுத்துக்கிட்டு வேலைக்கு வந்து சேர்றான், சேந்த சூட்டோட திருடர் சங்கத் தலைவரையே திருட்டுக் கேஸுல அரெஸ்ட் பண்ணி இழுத்துட்டு வந்துடறான்! பிராட்செட்டோட காமெடி இங்கதான் இருக்கு, கிறுக்குத்தனமான விஷயத்த ஒருத்தன் ரொம்ப சீரியஸா எடுத்துக்குவான், பாத்தா அவன் சொல்றதுதான் சரின்னு தோணும். இந்த இடத்துல உங்களுக்கு சிரிப்பு வரலைன்னா சீரிஸையே தைரியமா விட்டுடலாம்.

ஒரே ஒரு புத்தகம் போதும், தொடர்ச்சியே வேண்டாம்னா 'ஸ்மால் காட்ஸ்' (1992). ஓம்னு ஒரு பெரிய கடவுள் (ஆமா, பேரே அதுதான்) ஆமையா வந்து மாட்டிக்கறார். ஊரு பூரா கோயில் இருக்கு, ஆனா மனசார நம்பறது ஒரே ஒரு பையன்தான். மரணத்த மட்டும் பாக்கணும்னா 'மோர்ட்'. வேலைக்கு ஒரு பையன சேத்துட்டு, மரணம் கொஞ்ச நாள் ஓட்டல்ல சமையல்காரரா போயிடுவார்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க, எல்லாரும் பெஸ்ட்னு சொல்றாங்கன்னு 'நைட் வாட்ச்' எடுத்து ஆரம்பிக்காதீங்க. பெஸ்ட்தான், எனக்கும் அதுதான். ஆனா அதுல வைம்ஸ் காலத்துல பின்னாடி போய் சின்ன வயசு வைம்ஸையே பாக்கறார், அந்த மனுஷன அதுக்கு முன்னாடியே நாலஞ்சு புத்தகத்துல பழகியிருந்தாதான் அது வலிக்கும்.

அப்புறம் அடிக்குறிப்பு எதையும் தாண்டிப் போகாதீங்க, நல்ல ஜோக்கெல்லாம் அங்கதான் ஒளிச்சு வச்சிருப்பார். பெரும்பாலான புத்தகத்துல சாப்டர் பிரிவே கிடையாது, அதனால இந்த சாப்டர் முடிச்சிட்டு தூங்கிடலாம்னு மட்டும் ராத்திரில உக்காராதீங்க.