வீட்டு இணையமும் ரவுட்டரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டில் வசிக்கிறோம். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு எடுத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. நிறுவனம் கொடுத்த ரவுட்டரைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அண்மைக் காலமாக மாலை வேளைகளில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. மாடி அறையிலிருந்து வேலை பார்க்கும் என் மகனுக்கு வைஃபை சரியாக எட்டுவதும் இல்லை. நிறுவனத்தை அழைத்தால் லைனில் கோளாறு இல்லை என்கிறார்கள். கடைக்காரர் 800 ரிங்கிட் ரவுட்டர் ஒன்றைக் காட்டி, எல்லாம் தீரும் என்கிறார். நம்பி வாங்கலாமா?
வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம், அம்மா. நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வெவ்வேறு தொல்லைகள். ரவுட்டரை மாற்றினால் இரண்டும் ஒருசேரத் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை இணைப்பு அறுந்ததும் எதையும் அணைக்காமல் விளக்குகளைப் பாருங்கள். சுவரிலிருந்து வரும் ஃபைபர் கேபிள் சேர்கிற சிறு பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஒளியிழை வழியாகச் சமிக்ஞை வரவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்வது நிறுவனத்தின் பொறுப்பு. விளக்கைப் படம் எடுத்து, நேரத்தையும் குறித்து அனுப்பினால் அவர்கள் அவ்வளவு எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

அப்படியின்றி, ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரியத் தொடங்கினால், முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். இரவும் பகலும் செருகியே கிடக்கும் அடாப்டர் சில ஆண்டுகளில் பலவீனமடைவது சாதாரணம். வீட்டில் எல்லோரும் இணையத்தில் இருக்கிற மாலை வேளையில் ரவுட்டருக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும்போது, அதனால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். அதன் மீது பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் என்றிருந்தால் புதியதும் 12 வோல்ட்டாகவே இருக்க வேண்டும். ஆம்பியர் சற்றுக் கூடலாம், குறையக் கூடாது. செருகும் முனையும் பொருந்த வேண்டும். பல வீடுகளில் ரவுட்டர் மீது விழும் பழி உண்மையில் இந்தச் சிறு பொருளுக்கு உரியது.

விளக்குகளில் எந்த மாற்றமும் இல்லையென்றால், மடிக்கணினி ஒன்றை லான் கேபிளால் ரவுட்டருடன் இணைத்து ஒரு மாலை முழுவதும் பயன்படுத்திப் பாருங்கள். கேபிளில் தடையின்றி ஓடி, வைஃபையில் மட்டும் தடைபட்டால், அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் உங்களுடையதும் ஒரே சேனலில் (வைஃபை அலைவரிசைக்குள் இருக்கும் ஒரு தடத்தில்) நெருக்கியடிப்பது காரணமாக இருக்கலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் ஒதுங்கி நிற்கும் சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டருக்கு அருகில் இருக்கும் கருவிகளை மற்றோர் அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

மாடி அறையின் குறை வேறு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் செங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் கடக்கையில் 2.4-ஐவிட விரைவாக வலுவிழக்கும். வாசல் ஓரத்தில், தொலைக்காட்சி அலமாரிக்குள் அடைந்து கிடக்கும் ரவுட்டர் 800 ரிங்கிட்டாக இருந்தாலும் பின்பக்க மாடி அறையை எட்டுவது கடினம். உங்களுடையதும் அப்படி இருந்தால், அதை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, மாடிப்படிக்கு அருகே உயரமான இடத்தில் வையுங்கள். போதவில்லையென்றால், லான் கேபிளை மாடி வரை இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபை கருவி ஒன்றைப் பொருத்துவதே நிலையான தீர்வு. கேபிள் இல்லாமல் ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் மெஷ் கருவிகளை நான் அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

இத்தனைக்கும் பிறகு பழைய ரவுட்டர்தான் பழுது என்று தெரிந்தால், வாங்குங்கள். உங்கள் 300 எம்பிபிஎஸ் திட்டத்திற்கு நல்ல வைஃபை 6 ரவுட்டர் தாராளமாகப் போதும். அதைவிடப் புதிய தலைமுறையான வைஃபை 7-க்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பெட்டியின் மீது ‘ஜிகாபிட் போர்ட்’ (1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும் கேபிள் துளை) என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மலிவான சிலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்டே இருக்கும். 300-க்குக் கட்டணம் செலுத்திவிட்டு 100-ஐக்கூடத் தாண்ட முடியாது. உங்களுடையது யூனிஃபை இணைப்பு என்றால், ரவுட்டர் விலான் அமைப்பை (ஒரே இணைப்பில் வரும் சேவைகளை எண்ணிட்டுப் பிரிக்கும் முறை) ஏற்க வேண்டும். இணையத்திற்கு உரிய விலான் எண் 500. ரவுட்டர் நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழையப் பயன்படுத்தும் பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இல்லாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அந்த மாடலுக்கான மென்பொருள் புதுப்பிப்பு கடைசியாக எப்போது வந்தது என்பதைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் புதுப்பிப்பே வராத ரவுட்டரை, அது நன்றாக ஓடினாலும், பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையில் மட்டும் வைஃபை கிடைப்பதில்லை. வைஃபை சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கினால் போதுமா?
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: போதலாம், ஆனால் வேகம் குறையும். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால், வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வாங்குவதானால் வைஃபை கிடைக்காத அறைக்குள் அதை வைக்காதீர்கள்; சமிக்ஞை இன்னும் நன்றாக இருக்கும் நடைவழியில், அறைக் கதவுக்கு வெளியே செருகுங்கள்.