மனம் சோர்ந்த நாள்களில் என்ன செய்யலாம்? மனநல ஆலோசகர் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் இம்முறை அனுப்பிய கேள்விகளுள் நான்கிற்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவினேன். ஓய்வுபெற்றுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வருகிறது. நாள் முழுவதும் மனம் கனத்துக் கிடக்கிறது.

பதில்: ஐயா, வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால், உங்கள் உடல் அந்த நேரத்துக்கே பழகிவிட்டது. விழிப்பு வருவதைவிட, விழித்தபின் உங்களுக்காக எந்த வேலையும் காத்திராததே மனத்தை அதிகம் வாட்டுகிறது என்று எண்ணுகிறேன். தோட்ட வேலை சம்பளத்தோடு நடையையும், பேச்சுத்துணையையும், 'நான் போகாவிட்டால் என் நிரை (மர வரிசை) சீவப்படாமல் நின்றுவிடும்' என்ற பொறுப்பையும் சேர்த்தே தந்தது. இவற்றைத் தனித்தனியாகத்தான் மீட்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் வெளிச்சம் வந்ததும் ஒரு நண்பரோடு அரை மணி நேரம் நடங்கள். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால், உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 150 நிமிட உடற்பயிற்சி நிறைவாகும். காலை வெளிச்சம் இரவுத் தூக்கத்தையும் சீராக்கும். பொறுப்புக்கு, பேரப்பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துச் செல்வதுபோல, நீங்கள் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று ஒருவராவது கேட்கக்கூடிய வேலையாகப் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடுமுறை நாளிலும் எங்கும் போகப் பிடிக்கவில்லை. மனம் சரியானதும் போகலாம் என்று காத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, அந்தக் காத்திருப்பே சோர்வை வளர்க்கும். சோர்வால் ஒதுங்குகிறோம், ஒதுங்குவதால் மகிழ்ச்சி தரும் அனுபவங்கள் குறைகின்றன, அதனால் சோர்வு மேலும் கூடுகிறது. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களில் விளக்கிய இந்தச் சுழலை உடைக்க, விருப்பம் வருமுன்பே செயலைத் தொடங்க வேண்டும். "நாளை மாலை ஐந்தரை மணிக்குத் தங்கை வீட்டில் ஒரு தேநீர்" என்று நேரத்தோடு எழுதி வையுங்கள். போகுமுன்னும் வந்தபின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலோர் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே எழுதுவார்கள். இரவுப் பணி முடிந்த நாளில் மட்டும் முதலில் தூங்கி எழுங்கள்.

கேள்வி: மாலையில் இரண்டு பீர் குடித்தால் கவலை மறந்துவிடுகிறதே?

பதில்: மறப்பது சில மணி நேரமே. மது தூக்கத்தின் தரத்தைக் கெடுப்பதால் மறுநாள் மனம் இன்னும் தாழும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. கோயிலுக்கு அழைத்துப் போனால் போதுமா?

பதில்: கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் இப்படி நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கிலேயே தொடங்கலாம். தைராய்டு குறைபாடு, இரத்தச்சோகை ஆகியவையும் இதே சோர்வைத் தருவதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று மகனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், வழக்கு வருமோ என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. 'ஆம்' என்று சொன்னால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச ஒருவர் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணையோ, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணையோ அழைக்கலாம்.