அம்மாவுக்கு மூட்டுவலி. காங்கரி தேசியப் பூங்காவின் பலகைப் பாதையில் நடக்க முடியுமா? மலையோ அருவியோ இல்லாத காட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

தாராளமாக நடக்கலாம். என் அம்மாவுக்கும் மூட்டுவலிதான். அவரோடு இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டாவது முறை அவரே கேட்டுத்தான் போனோம்.

இடம் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கொலம்பியா நகருக்குத் தென்கிழக்கே இருக்கிறது. தகவல் மையத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் வளையப் பாதை, சுமார் 4 கிலோமீட்டர். ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. நடுவே உட்காரப் பெஞ்சுகள் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. நாங்கள் நின்று நின்று நடந்து இரண்டரை மணி நேரத்தில் முடித்தோம்.

ஆனால் ஆற்றங்கரையில் நடக்கப் போகிறோம் என்று நினைத்துப் போகாதீர்கள். காங்கரி ஆறு இந்தப் பாதையிலிருந்து கண்ணில் படவே படாது. அங்கே நீங்கள் பார்ப்பது ஆறு வந்துபோன தடங்களை. அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் 4 கிலோமீட்டர் போதாது.

முதல் முறை எனக்கு அது தெரியவில்லை. ஒரு வாரமாக நல்ல வெயில், காடு காய்ந்திருக்கும் என்று நம்பிப் போனேன். தாழ்வான பலகைகள்மேல் தண்ணீர் நின்றது, பாதியிலேயே திரும்பிவிட்டோம். எங்கோ மேற்பகுதியில் பெய்த மழை ஆற்றோடு இறங்கி வந்துசேர நாட்கள் ஆகும். அதனால் தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும்போதே இங்கே வெள்ளம் ஏறும். ஆண்டுக்குச் சராசரியாக 10 தடவை இப்படி நடக்கிறது. கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் நீர்மட்டத்தையும், பாதையில் ஏதாவது பகுதி மூடியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது முறை தண்ணீர் வடிந்திருந்தது. அம்மா ஓரிடத்தில் நின்று, "என்னடி, எல்லா மரத்துக்கும் ஒரே மட்டத்துல காவி அடிச்ச மாதிரி இருக்கு?" என்றார். வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மரத்திலும் அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தோம். தரை ஒரே தட்டையாகத் தெரிந்தாலும், ஓரிடத்தில் முழங்கால் அளவில் இருந்த கோடு கொஞ்சம் தள்ளி இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. தரை அங்கே தாழ்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சிறு ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் எந்த மரம் எங்கே நிற்கும் என்பது முடிவாகிறது. தண்ணீர் அதிக நாள் தேங்கும் பள்ளத்தில் சைப்ரஸும் டுபெலோவும், அடிமரம் குடம்போலப் பருத்து நிற்கும். சற்றே மேடான இடத்தில் ஓக், ஸ்வீட்கம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தலை நீட்டும் லோப்லாலி பைன்களில் சில 50 மீட்டரைத் தொடுகின்றன. சைப்ரஸைச் சுற்றித் தரையிலிருந்து முட்டிமுட்டியாக எழும்பி நிற்பவை அதன் வேர்கள்தான். அலையாத்தி மரத்தின் மூச்சு வேர் போல என்று பலர் சொல்வார்கள், அது இன்னும் நிரூபணமாகவில்லை. இன்னொன்று, வெள்ளம் கரை தாண்டியதும் வேகம் குறைந்து கனமான மணலை ஆற்றோரத்திலேயே போட்டுவிடும், நுண்ணிய களிமண்தான் உள்ளே வரைக்கும் போகும். அதனால் இந்தக் காட்டில் ஆற்றோரம் மேடு, உட்பகுதி பள்ளம். நான் நேர்மாறாக நினைத்திருந்தேன்.

இந்தக் காடு பிழைத்ததிலும் தண்ணீருக்குப் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மர நிறுவனம் இங்கே நிலம் வாங்கி சைப்ரஸ்களை வெட்டத் தொடங்கியது. ஈரத்தில் வளர்ந்த பல மரங்கள் கனம் தாங்காமல் ஆற்றில் மூழ்கின. சேற்றுக்குள் போய்வருவதும் பெரும்பாடு. சில ஆண்டுகளில் வேலையை நிறுத்திவிட்டார்கள். 1969இல் மறுபடி வெட்டும் பேச்சு எழுந்தபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், 1976இல் பாதுகாப்பு கிடைத்தது, 2003இல் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் ஹியூகோ புயல் சாய்த்த மரங்கள் விட்ட வெளிச்சத்தில் எழுந்த மரங்களும் அங்கே உண்டு.

சரி, எப்போது போகலாம்? வசந்த காலம் அல்லது இலையுதிர் காலம். கோடையில் கொசு கடுமை. தகவல் மையத்திலேயே கொசு அளவு காட்டும் ஒரு பலகை இருக்கிறது, அதன் கடைசி நிலைக்குப் பெயர் 'போர்க்களம்'. மூன்று மூன்று இலையாகத் தொங்கும் கொடியைத் தொடாதீர்கள், பாய்சன் ஐவி, தோல் எரியும். மழைக்குப் பிறகு பலகை வழுக்கும், எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. அம்மாவுக்கு ஊன்றுகோல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்துப் போகவில்லை, என் தோளைப் பிடித்தபடியே நடந்தார்.

பாதையில் வரும் வெஸ்டன் ஏரியில் கட்டாயம் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஒரு காலத்தில் ஆறு வளைந்து ஓடிய இடம் அது. ஆறு வேறு வழி பிடித்துக்கொண்டதும் அந்த வளைவு மட்டும் ஏரியாகத் தங்கிவிட்டது. நாங்கள் போன அன்று விழுந்து கிடந்த ஒரு கட்டைமேல் ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா ஏழு எண்ணினார். எட்டாவது ஏற முயன்று வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. அது ஏறும் வரை கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.