ஏ.எஸ்.ஐ. கணக்கெடுப்பில் கொடுக்கும் ஆலைக் கணக்கை, வெளியாகும் அறிக்கையை வைத்துப் போட்டியாளர் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஃபவுண்டரிக்கு ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, அதாவது ஏ.எஸ்.ஐ. நோட்டீஸ் வந்திருக்கிறது. நீங்கள் செய்யும் வகை வார்ப்புகளைச் செய்கிறவர்கள் மாநிலத்திலேயே இரண்டு மூன்று பேர்தான். அரசு அறிக்கை வெளியானதும் உங்கள் விற்பனையும் விலையும் அவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். கோவையில் ஃபவுண்டரி, பம்ப் கம்பெனி, நூல் மில்களுக்கு இந்தக் கணக்கெடுப்பின் ரிட்டர்னை, அதாவது விவரப் படிவத்தை, நிரப்பிக் கொடுக்கும் கணக்கு வேலையில் இருக்கிறேன். "பேர்தான் போடமாட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிடுகிறவர்கள் அதிகம். பெயர் போடாததால் மட்டும் எதுவும் காப்பாற்றப்படுவதில்லை. உங்கள் கணக்கைத் தேடப்போவது முன்பின் தெரியாத ஆள் இல்லை, அதே தொழிலில் இருக்கும் ஆள். தன் தொகை அவருக்குத் தெரியும். மொத்தத்திலிருந்து அதைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நாம் கொடுப்பது சாதாரண விவரமும் இல்லை. ஷெட்யூல் என்ற அந்தப் படிவத்தின் 'எச்' பிளாக்கில் பிக் அயர்ன், ஸ்கிராப், கோக், கரண்ட் என ஒவ்வொன்றும் எவ்வளவு செலவழித்தோம், என்ன மதிப்பு என்று போகும். 'ஜே' பிளாக்கில் எத்தனை டன் செய்தோம், எத்தனை டன் விற்றோம், வரி போக ஒரு டன்னுக்கு நிகர விலை என்ன என்று வரிவரியாக வரும். இந்த இரண்டு பக்கங்களும் கையில் கிடைத்தால் அடுத்த டெண்டரில் உங்களை எந்த விலையில் அடிக்கலாம் என்று போட்டியாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் மொத்த டர்ன்ஓவரைக் கம்பெனிப் பதிவாளரிடம் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், அதில் ரகசியம் இல்லை. ஆலை வாரியாக, பொருள் வாரியாக இருப்பதுதான் ரகசியம்.

சட்டம் இந்தக் கழித்தல் வேலையைத் தெரிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 2008-ஆம் ஆண்டு புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கொடுத்த தகவலைப் புள்ளிவிவர வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அந்த வேலையில் இல்லாதவர்கள், இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கும் தேவை தவிர, ஷெட்யூலைப் பார்க்கக்கூடாது. வெளியிடும் அட்டவணையில் ஒருவருடைய விவரம், மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால்கூடத் தெரியாதபடி அடுக்க வேண்டும். நீங்களே சம்மதித்தாலோ, அப்படித் தெரியவரும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்க முடியாமல் இருந்தாலோ மட்டும் விலக்கு. என் பார்வையில் இந்தச் சட்டத்தில் ஆலைக்காரருக்கு மிக முக்கியமான வரி, கழித்துப் பார்த்தாலும் தெரியக்கூடாது என்பதுதான்.

சரி, நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? ஒரு தொழில்பிரிவில் மூன்றுக்கும் குறைவான ஆலைகளே இருந்தால், அதைத் தனியாகக் காட்டாமல் 'மற்றவை'யில் சேர்த்துவிடுவது ஏ.எஸ்.ஐ. வழக்கம். ஏன் மூன்று? இரண்டே ஆலைகள் என்றால் ஒருவர் தன்னுடையதைக் கழித்ததும் அடுத்தவருடையது பைசா சுத்தமாக வந்துவிடும். மூன்று இருந்தால் மிச்சத்தில் இரண்டு பேர் கலந்திருப்பார்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். மூன்று ஆலைகள், மொத்த விற்பனை 100 கோடி. உங்களுடையது 60, இரண்டாமவர் 35, மூன்றாமவர் 5. இரண்டாமவர் தன் 35-ஐக் கழித்தால் 65. மூன்றாவது ஆலை சின்னது என்பது ஊருக்கே தெரியும். ஆக நீங்கள் 65-ஐத் தாண்ட மாட்டீர்கள், அதற்கு ரொம்பக் கீழேயும் இருக்க மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இதற்காகப் பல நாட்டுப் புள்ளியியல் துறைகள் ஒரு சதவீத விதி வைத்திருக்கின்றன: முதல் இரண்டு பெரிய ஆலைகளைக் கழித்தபின் மிஞ்சும் தொகை, முதல் ஆலையின் தொகையில் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் குறைந்தால் அட்டவணையில் அந்தத் தொகை நிற்கும் கட்டத்தை மறைத்துவிட வேண்டும். பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் 60-இல் அது 6. மிச்சம் 5 தான். மறைக்க வேண்டியதுதான். அந்தச் சதவீதம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் அதை வைத்தே பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

கேரளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அங்கே கொச்சியில் ஒன்றே ஒன்று. பெட்ரோலியப் பொருள் பிரிவில் சிறிய ஆலைகள் எத்தனை சேர்ந்தாலும், அந்த வரியில் நிற்கும் தொகை கிட்டத்தட்ட யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. அது பொதுத்துறை நிறுவனத்தின் ஆலை, அதன் கணக்கு பலவும் ஏற்கெனவே வெளியில் இருப்பதுதான். இதே நிலைமை ஒரு தனியார் பங்குதாரர் நிறுவனத்துக்கு வந்தால் பாதிப்பு நிஜம். ஒரே முதலாளிக்கு இரண்டு ஆலை இருந்தால் பெயருக்குத்தான் மூன்று ஆலை, உண்மையில் இரண்டு ஆள். எண்ணும்போது ஆலையை விட உரிமையாளரை எண்ணுவதே சரி என்று நினைக்கிறேன்.

அடுத்தது பலருக்கும் தெரியாத இடம். உங்கள் கட்டத்தை மட்டும் மறைத்தால் மறைந்துவிடாது. உதாரணமாக, ஒரு மாநிலத்தில் ஒரு தொழிலில் மூன்று உட்பிரிவு, மொத்தம் 500 கோடி. முதல் உட்பிரிவு 210, இரண்டாவது 250, உங்களுடையது மறைக்கப்பட்டிருக்கிறது. மறைத்து என்ன பயன்? 40 என்று பள்ளிப் பிள்ளை சொல்லிவிடும். அதனால் எந்தத் தப்பும் செய்யாத 250-ஐயும் மறைக்க வேண்டும். அதோடு முடியவில்லை. அகில இந்திய மொத்தமும் மற்ற மாநிலங்களின் தொகைகளும் அச்சில் இருந்தால், அந்தப் பக்கமிருந்து கழித்து 250-ஐ மீட்டுவிடலாம். ஆகவே இன்னொரு மாநிலத்திலும் இதே இரண்டு உட்பிரிவுகளை மறைக்க வேண்டும். ஒரு ஆலைக்காக நான்கு கட்டங்கள் காலி. பெரிய அட்டவணைகளில் இதைக் கையால் செய்ய முடியாது. நெதர்லாந்துப் புள்ளியியல் துறை இதற்கென்றே டௌ-ஆர்கஸ் என்ற மென்பொருளை உருவாக்கியது. ஐரோப்பாவில் பல இடங்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அறிக்கையில் கோடு போட்ட கட்டங்களைப் பார்த்து "எதையோ மறைக்கிறார்கள்" என்று கோபப்படுகிறவர்களிடம் நான் இதைத்தான் விளக்குவேன். அந்தக் காலி இடங்களில் பாதிக்கு மேல் இன்னொருவரைக் காப்பாற்றக் காலியானவையாகக்கூட இருக்கலாம்.

அமெரிக்காவில் கொஞ்சம் வேறு வழி. மாவட்ட அளவிலான வணிகப் புள்ளிவிவரத்தில் 2007 முதல், ஒவ்வொரு நிறுவனத்தின் தொகையையும் கூட்டுவதற்கு முன்பே சற்று ஏற்றியோ இறக்கியோ விடுகிறார்கள். நிறைய பேர் சேரும் இடத்தில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மொத்தம் சரியாகவே நிற்கும். ஒருவர் மட்டும் இருக்கும் இடத்தில் கிடைப்பது அவருடைய சரியான தொகையாக இருக்காது. காலிக் கட்டங்கள் குறைகின்றன என்பதால் எனக்கு இந்த முறை பிடிக்கும். ஆனால் சின்ன ஊர்களின் எண்களை அப்படியே நம்பி முடிவெடுக்கக் கூடாது.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது அச்சடித்த அட்டவணையை விட, ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் ஆலை வாரியான தரவைப் பற்றி. பெயரும் முகவரியும் அதில் இருக்காது. ஆனால் மாநிலம், ஐந்து இலக்கத் தொழில் குறியீடு, ஆட்கள் எண்ணிக்கை இருந்தால் அரிதான தொழிலில் அடையாளம் தெரிந்துவிடும். ஏ.எஸ்.ஐ. தரவிலேயே ஒரு பாடம் உண்டு. ஒரு காலத்தில் அது இரண்டு வடிவங்களில் கிடைத்தது: ஒன்றில் மாவட்டம் இருக்கும், ஆனால் ஒரே ஆலையை ஆண்டுதோறும் தொடர முடியாது. இன்னொன்றில் தொடரலாம், மாவட்டம் இருக்காது. இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் தொகைகளைப் பொருத்தி ஆய்வாளர்கள் இரண்டையும் இணைத்துவிட்டார்கள். அவர்கள் நோக்கம் ஆராய்ச்சிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தனித்தனியாகப் பாதுகாப்பாக இருந்த இரண்டு தரவுகள் சேர்ந்தால் பாதுகாப்பு போய்விடும் என்பது அதில் தெரிந்தது. ஒரு தரவை வெளியிடுகிறவர்கள், ஏற்கெனவே வெளியே இருப்பவற்றோடு அதைச் சேர்த்துப் பார்த்துத்தான் வெளியிட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை சில. எண்ணைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்காதீர்கள். உங்களைப் போல நான்கு பேர் செய்தால் அந்தத் தொழிலின் கணக்கே கெட்டுப்போகும், சட்டப்படியும் தவறு. பதிலாக, உங்கள் வகை வார்ப்பில் மாநிலத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதை ரிட்டர்ன் வாங்கும் அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். பழைய அறிக்கையை எடுத்து உங்கள் பிரிவைப் பாருங்கள். அதிலிருந்து உங்கள் தொகையை உங்களால் கழித்து எடுக்க முடிந்தால், 9-ஆவது பிரிவைச் சுட்டி எழுதுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை "எதிர்பார்க்க முடியவில்லை" என்று அவர்கள் சொல்வது கடினம்.

கடைசியாக, உங்களிடம் இருக்கும் நகல். 1961-இல் அமெரிக்காவில் செயின்ட் ரீஜிஸ் என்ற காகித நிறுவனத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்சஸ் துறைக்குக் கொடுத்த படிவத்தின் நகலை நிறுவனம் தன் கோப்பில் வைத்திருந்தது. இன்னொரு அரசு அமைப்பு அதைக் கேட்டது. துறையிடம் இருக்கும் படிவத்துக்குத்தான் பாதுகாப்பு, நிறுவனத்திடம் இருக்கும் நகலுக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி நகலுக்கும் பாதுகாப்புக் கொடுத்தது. இங்கே எங்கள் கோப்புகளில் ஏ.எஸ்.ஐ. நகல் பேங்க் லோன் பேப்பரோடும் டெண்டர் பேப்பரோடும் ஒரே ஃபைலில் கிடப்பதைப் பார்க்கிறேன். தனி ஃபைலில் போட்டு, ரிட்டர்ன் வேலை பார்ப்பவரைத் தவிர யாரிடமும் கொடுக்காதீர்கள். லோனுக்குக் கேட்டால் ஆடிட் செய்த பேலன்ஸ் ஷீட்டைக் கொடுங்கள், அது போதும்.