படித்தது மறப்பதும் பயந்தது நிலைப்பதும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: இரண்டாம் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் என் மகள் வீட்டில் தடையின்றி ஒப்பிக்கும் பாடம், தேர்வுக் கூடத்தில் நினைவுக்கு வருவதில்லை. வெளியே வந்து சிறிது நேரத்தில் எல்லாம் வந்துவிடுகிறது என்கிறாள். ஞாபக சக்தி குறைவா? (ஒரு தாய், அல்சூர்)

பதில்: குறைவில்லை. வெளியே வந்ததும் நினைவுக்கு வருகிறது என்பதே பாடம் பதிந்திருப்பதற்குச் சான்று. தடைப்படுவது அதை மீட்டெடுக்கும் வேலைதான். பதற்றம் எழுந்த சில நொடிகளிலேயே அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. ஆனால் மூளையின் ஹைப்போதாலமஸ், அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி என்று மூன்று படிகளைக் கடந்து வர வேண்டிய கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன், ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் கழித்தே இரத்தத்தில் உச்சத்தை அடைகிறது. மூளைக்குள் எளிதில் நுழையும் இந்த ஹார்மோனுக்கான ஏற்பிகள், நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் மிகுதியாக உள்ளன. 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்பே பழகிய இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு 30 நிமிடம் முன்னர் மின் அதிர்ச்சி பெற்ற எலிகள் தடுமாறின. 2 நிமிடம் முன்னரோ 4 மணி நேரம் முன்னரோ பெற்றவை தடுமாறவில்லை. 2000-இல் மனிதர்களுக்கு, உடலில் கார்டிசாலாக மாறும் கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோதும், கற்கும் வேளையில் கொடுத்தது நினைவைக் கெடுக்கவில்லை, நினைவுகூர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுத்ததே கெடுத்தது.

ஆகவே, தேர்வுக் கூட வாசலில் நின்று "அது தெரியுமா, இது தெரியுமா" என்று கேட்டு அந்தக் கடைசி அரை மணி நேரத்தைப் பாழாக்காதீர்கள். அந்தக் கேள்விகளைப் பல வாரங்களுக்கு முன்பே, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட இவ்வாறு நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்களின் நினைவு, பதற்றத்திலும் தளராமல் நிற்பதாக 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

கேள்வி: "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார்கள்" என்பார் என் மாமனார். கொஞ்சம் பயம் இருந்தால்தானே பிள்ளைகள் படிப்பார்கள்? (ஜாலஹள்ளி வாசகர்)

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியும் எளிய பாடங்களுக்கு மட்டும். 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் சுண்டெலிகளுக்கு வெளிச்ச வேறுபாட்டைக் கற்றுக்கொடுத்தபோது, வேறுபாடு வெளிப்படையாக இருந்தவரை அதிர்ச்சி கூடக் கூடக் கற்றலும் விரைந்தது. வேறுபாடு நுட்பமானபோது மிதமான அதிர்ச்சிக்கு மேல் கற்றல் தாமதமானது. இயற்கணிதம் எந்த வகை என்பதை மாமனாரிடமே கேட்டுப் பாருங்கள். தவிர, உணர்ச்சி மிகுந்த கணத்தில், அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா ஆழமாகப் பதிய வைப்பது அந்தக் கணத்தின் மையத்தில் இருப்பதைத்தான். அடி வாங்கும் பிள்ளைக்கு மையம் அடித்த கைதானே தவிர, கரும்பலகையில் இருக்கும் சூத்திரம் அன்று.

கேள்வி: ஓராண்டு கடும் வேலை நெருக்கடிக்குப் பின் நிறுவனம் மாறிவிட்டேன். தூக்கம் திரும்பிவிட்டது, வேலையிலும் கவனம் நிற்கிறது. ஆனாலும் இரவில் அலைபேசி ஒலித்தால் உடல் நடுங்குகிறது. அழுத்தம் போன பிறகும் பயம் ஏன் போகவில்லை? (மென்பொருள் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு)

பதில்: இதற்கு மிகத் தெளிவான விடைகளுள் ஒன்று உங்கள் பெங்களூரிலிருந்தே கிடைத்தது. பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழுவினர், எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசையவிடாமல் வைத்தார்கள். ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ அவை நீண்டு வளர்ந்தன. 2002-இல் வெளிவந்த இந்த முடிவைவிட, எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த அதன் தொடர்ச்சி: எலிகளை 21 நாட்கள் எந்த அழுத்தமும் இன்றி விட்டுப் பார்த்தபோதும் அமிக்டலாவின் வளர்ச்சி குறையவில்லை, அச்சமும் தணியவில்லை. ஹிப்போகாம்பஸின் சுருக்கமோ அதே கால அளவு ஓய்வில் சரியாகிவிடக்கூடியது. 2005-இல் இதே குழு, ஒரே ஒரு முறை 2 மணி நேரம் அசையவிடாமல் வைத்தாலும், மறுநாள் எதுவும் தெரியாமல் இருந்து, 10 நாட்கள் கழித்து அமிக்டலாவில் புதிய இணைப்பு முனைகளும் கூடவே அச்சமும் தோன்றுவதைக் காட்டியது.

எலியின் மூளையில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது முறையன்று. எனினும், கவனமும் நினைவும் மீண்ட பிறகு பயம் மட்டும் தங்குவது உங்கள் மன உறுதியின் குறை அல்ல என்று சொல்ல இது போதும். ஓய்வு தானாகத் தராததைப் பயிற்சி தரும்: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக, பாதுகாப்பாக எதிர்கொண்டு, மூளைக்குப் புதிய பாடம் கற்பிக்கிறோம். பெங்களூரின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் வெளிநோயாளர் பிரிவை நாடலாம். முதலில் பேசிப் பார்க்க விரும்பினால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கேள்வி: மன அழுத்தம் உள்ளதா என்று அறியக் கார்டிசால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? (சிவாஜிநகர் வாசகர்)

பதில்: வேண்டாம். கார்டிசால் காலையில் ஏறி நள்ளிரவில் இறங்கும் ஹார்மோன். ஊசியைக் கண்ட பயமே அதைக் கூட்டிவிடலாம். கார்டிசால் மிகும் குஷிங், குறையும் அடிசன் முதலிய நோய்கள் இருக்குமோ என்று மருத்துவர் ஐயுறும்போது செய்யப்படும் பரிசோதனை அது.