விமானத்தில் ஆண் ஜாடையும் பெண் ஜாடையும்

கேள்வி: போயிங் 757 எனக்கு ஒயிலாக நிற்கும் நெட்டைப் பெண்ணாகத் தெரிகிறது. ஏர்பஸ் ஏ380 தொந்தி வைத்த பயில்வான். இது என் கற்பனை மட்டும்தானா, இதில் ஏதாவது கணக்கும் இருக்கிறதா?

பதில்: கணக்கு இருக்கிறது. பக்கவாட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு, உடலின் நீளத்தை அதன் உயரத்தால் வகுத்துப் பாருங்கள் (வாலையும் சக்கரத்தையும் சேர்க்க வேண்டாம்). 757-200-இன் நீளம் 47.3 மீட்டர், உடல் உயரம் சுமார் 4 மீட்டர். விடை ஏறத்தாழ 12. ஏ380-இன் நீளம் 72.7 மீட்டர், உடல் உயரம் 8.4, விடை 9-ஐக்கூட எட்டவில்லை. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டுக்கு 18-ஐத் தாண்டும். 11-ஐத் தாண்டினால் கண் 'நளினம்' என்கிறது, 9-க்குக் கீழே வந்தால் 'முரடு' என்கிறது. இது சட்டமல்ல, கைக்கணக்கு.

ஏ380 குண்டாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம் அதன் இறக்கை. பெரிய விமான நிலையங்களில் 80 மீட்டர் சதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்ற வரம்புக்காக ஓர் இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரையிலான அகலம் 79.8 மீட்டரில் நின்றது. அந்த இறக்கை, பிறகு வரவிருந்த இன்னும் நீளமான ரகத்தையும் தூக்கும் அளவுக்குத் திட்டமிடப்பட்டது. அந்த நீள ரகம் வரவேயில்லை. அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட கதைதான்.

இந்த விகிதம் கைவிடும் இடமும் உண்டு. போயிங் 777-300ஈஆர் நீளம் 73.9 மீட்டர், விகிதம் 12-ஐ ஒட்டியது. கணக்குப்படி ஒல்லிதான். ஆனாலும் அதைப் பெண் என்பவர்கள் குறைவு. எஞ்சினைப் பாருங்கள்: முன் விசிறியின் விட்டம் மட்டும் 3.25 மீட்டர். வெளிக்கூட்டையும் சேர்த்தால் ஒரு 737-இன் உடல் அகலத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒவ்வொரு பிரதான காலிலும் ஆறு சக்கரங்கள். மெல்லிய இடுப்பு இருந்தும், தோளும் பாதமும் அந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடுகின்றன.

கேள்வி: ஒரே குடும்பத்து விமானத்தில் குட்டை ரகம் மட்டும் ஏன் முரட்டுச் சிறுவன் மாதிரி இருக்கிறது?

பதில்: குட்டையானதால் மட்டுமல்ல, வால் வளர்ந்துவிடுவதாலும். ஒரு பக்கத்து எஞ்சின் நின்றுபோனால் விமானம் அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிப்பது செங்குத்து வால். உடல் குறுகும்போது வால் ஈர்ப்பு மையத்துக்கு நெருங்கிவிடுகிறது; நெம்புகோலின் கை குட்டையானதுபோல அதன் பிடி தளர்கிறது. ஈடுகட்ட வாலை உயர்த்துகிறார்கள். ஏர்பஸ் குடும்பத்துக் குட்டை ரகமான ஏ318-இன் வால், அதைவிட 6 மீட்டர் நீளமான ஏ320-இன் வாலைவிட சுமார் 80 சென்டிமீட்டர் உயரம். போயிங் 747-இன் குட்டை ரகமான 747எஸ்பி-யிலும் இதே கதை. அங்கே வால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கூடியது.

கேள்வி: அந்தக் காலத்து லாக்ஹீட் கான்ஸ்டலேஷனை அழகுக்காகத்தான் வளைத்துச் செய்தார்களா?

பதில்: இல்லை. 1943-இல் முதலில் பறந்த அந்த விமானத்துக்குப் பெரிய புரொப்பல்லர்கள். அவை தரையில் இடிக்காமலிருக்க விமானம் உயர்ந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் மூக்குச் சக்கரத்தின் கால் தாங்கமாட்டாத அளவுக்கு நீளும். அதனால் மூக்கைக் கீழே இறக்கினார்கள், பின்பகுதியை மேலே தூக்கினார்கள். வால் மூன்றாகப் பிரிந்ததால் மொத்த உயரம் அடங்கி, அன்றைய ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவுக்குள் நுழைய முடிந்தது. வளைவுக்குக் கொடுத்த விலை தொழிற்சாலையில் தெரிந்தது: உடலைத் தாங்கும் வளையச் சட்டங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, ஒவ்வொன்றையும் தனித்தனி அளவில் செய்ய வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஜெட்கள் நேர்க்குழாயாக ஆனதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம். பெண்மை என்று நாம் ரசிக்கும் வளைவு, பட்டறைக்காரருக்குத் தலைவலி.

கேள்வி: ஆங்கிலத்தில் விமானத்தை 'அவள்' என்கிறார்களே. மற்ற மொழிகளில் எப்படி?

பதில்: ஆங்கிலத்தில் அது கப்பலிலிருந்து வந்த பழக்கம். ஜெர்மன் மொழியில் வேடிக்கை: போயிங் பெண்பால், ஏர்பஸ் ஆண்பால். தோற்றத்தைப் பார்த்து வைத்ததல்ல. 'பஸ்' என்ற சொல் அங்கே ஆண்பால், அவ்வளவுதான். பிரெஞ்சில் கேரவெல் விமானம் பெண்பால், கான்கார்ட் ஆண்பால். இத்தனைக்கும் 'இணக்கம்' என்று பொருள்படும் அந்தச் சொல் அகராதியில் பெண்பால்! தமிழில் விமானம் அஃறிணை. 'வந்தது, போனது' என்று முடித்துவிடுகிறோம். ஆகவே நமக்கு ஆண், பெண் என்று தோன்றினால் அதில் இலக்கணத்தின் கை இல்லை.

கேள்வி: நண்பர்களிடம் இதைச் சோதித்துப் பார்க்க ஆசை. எப்படிச் செய்வது?

பதில்: புகைப்படம் வேண்டாம். அகலக் கோண லென்ஸில் அருகிலிருந்து எடுத்தால் மூக்கு ஊதிவிடும். தொலைவிலிருப்பதை அருகே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எதிரே வருவதை எடுத்தால் நீளம் நசுங்கி, ஒல்லி விமானமும் உருண்டையாகிவிடும். வண்ணப்பூச்சும் ஏமாற்றும்: ஜன்னல் வரிசையை ஒட்டிப் போகும் நீளப் பட்டை உடலை இழுத்துக் காட்டும், உடல் முழுக்க எழுதிய பெரிய எழுத்து குறுக்கிக் காட்டும்.

ஆகவே பக்கவாட்டுக் கோட்டுப்படங்களை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே கறுப்பு நிரப்புங்கள். 10 அல்லது 12 படம் போதும். பாதிப் படங்களில் சக்கரம் இறக்கியும் மீதியில் ஏற்றியும் இருக்கக்கூடாது; கால் தெரிந்தாலே உருவம் கனத்துவிடும். ஒவ்வொருவருக்கும் படங்களைக் கலைத்து வேறு வரிசையில் காட்டுங்கள். ஏ380-க்கு அடுத்து எதைக் காட்டினாலும் அது கொடியிடையாகத்தான் தெரியும்.

'ஆணா, பெண்ணா?' என்று மட்டும் கேட்காதீர்கள். ஆண்மைக்கு 1 முதல் 7 வரை ஒரு மதிப்பெண், பெண்மைக்குத் தனியாக இன்னொன்று. இரண்டிலும் 6 வாங்கும் விமானம் வரலாம், இரண்டிலும் 2 வாங்குவதும் வரலாம். முதல் சுற்று முடிந்த பிறகு மூக்கையும் காக்பிட் ஜன்னலையும் காட்டும் முன்பக்கப் படங்களைக் கொடுங்கள். அங்கே கண் முகத்தைத் தேடத் தொடங்கிவிடும். மதிப்பெண் எங்கே தடம் மாறுகிறது என்று அப்போது குறித்துக்கொள்ளுங்கள்.