ஸ்கிரீனில் தெரிந்த விரிசல்

பல் நலம்: வாசகர் கேள்விகள்
பதில் தருபவர்: காரைக்குடிப் பல் மருத்துவர்

கேள்வி: எனக்கு 63 வயது. தை மாதக் கல்யாணத்தில் சீப்புச் சீடை கடித்ததிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லில் வலி. கடிக்கும்போதுகூட இல்லை, கடித்துவிட்டு எடுக்கும்போதுதான் சுருக்கென்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார் ஒரு டாக்டர். இன்னொருவர் வாய்க்குள் பேனா மாதிரி கேமராவை விட்டு, ஸ்கிரீனில் கோடு ஒன்றைக் காட்டி, "விரிசல், கேப் போடணும்" என்கிறார். காசு பிடுங்கும் வேலையோ என்கிறான் மகன். யாரை நம்புவது?
வாசகி, பள்ளத்தூர்

பதில்: விரிசலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆச்சி. அப்படி நினைக்க வைத்தது அந்தப் படமல்ல, "எடுக்கும்போதுதான் சுருக்கென்கிறது" என்று நீங்கள் எழுதியதுதான். விரிசல் விட்ட பல் கடிக்கும்போது லேசாக விலகும், விட்டதும் சேரும். சேரும் அந்த நொடியில் வலிக்கும்.

எக்ஸ்ரே எடுத்தவரையும் குறை சொல்ல முடியாது. கடைவாய்ப்பல் விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடும். எக்ஸ்ரே கதிரோ கன்னத்திலிருந்து நாக்குப் பக்கமாகப் போகிறது. அந்தக் கோணத்தில் விரிசல் படத்தில் விழுவது அபூர்வம்.

கேமரா இங்கேதான் கைகொடுக்கிறது. முனையில் சின்ன எல்இடி விளக்கு இருக்கும். பல்லைக் காற்றடித்து உலர்த்திவிட்டுப் பார்த்தால், எச்சிலுக்கு அடியில் ஒளிந்திருந்த கோடு வெளியே வந்துவிடும். மேல் கடைசிப் பல்லின் கன்னப் பக்கம், பழைய சில்வர் ஃபில்லிங்கின் ஓரம் என்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நான் முதுகை வளைத்துத் தேடுகிற இடங்களை எல்லாம் உட்கார்ந்தபடி பார்த்துவிடலாம். கதிர்வீச்சும் கிடையாது. முன்பெல்லாம் "ஓட்டை இருக்கு" என்று நான் சொன்னால் சந்தேகமாகப் பார்த்த ஆச்சிமார், இப்போது ஸ்கிரீனைப் பார்த்து என்னிடமே கேள்வி கேட்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் ஸ்கிரீனில் பல் உள்ளங்கை அகலத்துக்கு நிற்கும். அந்த அளவில் யார் பல்லும் பயமுறுத்தும்! இந்த வயதில் எனாமலில் மேலோட்டமான கோடுகள் சகஜம். நம்ம வீட்டுச் சுவரில் முட்டைப் பூச்சு மயிரிழையாக வெடித்தால் சுவரையா இடிக்கிறோம்? அதனால், பக்கத்துப் பற்களையும் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் அதே கோடு இருந்தால் அந்தக் கோட்டை வைத்து மட்டும் கேப் போட வேண்டாம். பல்லின் ஒரு பக்கமிருந்து வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலோட்டமான கோட்டைத் தாண்டி வெளிச்சம் மறுபக்கம் போகும். ஆழமான விரிசலில் அங்கேயே நின்று, அப்பால் இருட்டாகிவிடும். பிறகு பல்லின் ஒவ்வொரு மேட்டிலும் தனித்தனியே கடிக்க வைத்து, எந்த மேட்டில் விடும்போது வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். வலியும் கோடும் ஒரே இடத்தில் வந்தால் கேப் தேவைதான், தள்ளிப்போடாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டு வலி நெடுநேரம் நின்றால் வேர் சிகிச்சையும் தேவைப்படலாம். மகனையும் கூட்டிப் போங்கள், அவரும் ஸ்கிரீனைப் பார்க்கட்டும்.

கேமராவுக்கு மேல் போடும் பிளாஸ்டிக் உறையை ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும். மாற்றினார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பல்லைச் சரிசெய்யும்வரை சீடையும் கைமுறுக்கும் மறுபக்கப் பல்லுக்குத்தான்.

கேள்வி: எங்க ஐயா 40 வருஷமாக வெற்றிலை பாக்குப் போடுகிறார். பல்லில் வலி எதுவும் இல்லை. அவருக்கும் இந்தக் கேமரா அவசியமா?
வாசகர், தேவகோட்டை

பதில்: பல்லைவிட அவர் கன்னத்தின் உட்புறத்தைப் பார்க்கத்தான் அவசியம். புகையிலை சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கன்னத்தில் வெளுத்த பட்டை, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது குறைவது எல்லாம் பல்வலி இல்லாமலே வரும். ஐயாவின் மூன்று விரலை நெட்டுக்குத்தாக அடுக்கி அவர் வாய்க்குள் நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். நுழையாவிட்டால் இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கேமராவில் எடுத்த படத்தைத் தேதியோடு சேமிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால், திட்டு பெரிதாகியிருக்கிறதா என்பது நினைவை நம்பாமல் தெரியும். ஆனால் அது புற்றா இல்லையா என்று கேமரா சொல்லாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ திட்டோ இருந்தால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்துதான் தீர வேண்டும்.